முதுகைக் காட்டி நடத்திய பாடம்

என் முழங்கால் போனது ஒரு ஜூலை மாதச் சேற்றில். புனேயில், கசார்வாடியில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் மைதானம் கரிசல் மண். மழை பெய்துவிட்டால் அதற்கு மைதானம் என்ற பெயரே பொருந்தாது, கிண்டி வைத்த களிதான். அன்று எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு வாலிபாலில் பந்தை எகிறி அடிப்பதைக் காட்டிக்கொண்டிருந்தேன். "மேம், ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார்கள். பிள்ளைகள் அப்படிக் கத்தினால் எனக்குத் தலைகால் புரியாது. எகிறினேன், அடித்தேன், பந்து போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போனது. இறங்கிய கால் சேற்றில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் வேறு பக்கம் திரும்பியது. உள்ளே ஏதோ அறுந்தது. பிள்ளைகள் கை தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் விழுந்தும் காட்டுகிறேன், அதுவும் பாடம்தான் என்று நினைத்திருக்கிறார்கள்.

அவர்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. நான் எல்லாவற்றையும் காட்டித்தான் பழக்கியிருந்தேன். எனக்கு வகுப்பின் முன்னால் பேச்சு வராது. வீட்டில் வரும், தாராளமாகவே வரும். சந்தேகமிருந்தால் என் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிப் புனேக்கு வந்தவள் நான். இந்தி படித்ததில்லை. மராத்தி, காய்கறி வண்டிக்காரர்களிடம் பேரம் பேசிக் கற்றது. ஆங்கிலத்தை உடற்கல்விப் பட்டப்படிப்பின் தேர்வுத்தாளில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன், வாயில் அது ஏறவேயில்லை. இந்த மூன்றையும் கலந்து முதல் நாள் ஒன்பதாம் வகுப்பின் முன் நின்று பேசினேன். முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது கடைசி வரிசைவரை போய், மறுபடி முன்வரிசைக்கே திரும்பி வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அட போங்கடா, இனிமேல் உங்களிடம் பேசினால்தானே என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு என்னிடம் இருந்தது ஒரு விசில், ஒன்றிலிருந்து எட்டுவரை எண்ணத் தெரிந்த வாய், மாவட்ட அளவில் வாலிபால் ஆடிய உடம்பு. தாண்டு என்று சொல்ல மாட்டேன், தாண்டிக் காட்டுவேன். தோளைத் தளர்த்து என்று சொல்ல மாட்டேன், பக்கத்தில் போய் நின்று என் தோளைத் தளர்த்துவேன். பிள்ளைகள் பார்த்தார்கள், செய்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. தரைக்கு ஒரு முழம் மேலே எகிறி நிற்பவளைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? தன்னம்பிக்கை, தன்னம்பிக்கை என்று கூட்டங்களில் வாய் கிழியப் பேசுகிறார்களே, எனக்கு அது மனசில் இருக்கவில்லை. முழங்காலில் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியில் கணக்குக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், அறிவியலுக்கும் அப்படியே. ஒருவருடைய பாடம் சொதப்பினால் இன்னொருவரிடம் போய்ப் புலம்பலாம். பி.டி. டீச்சர் ஒரே ஒருத்தி. எனக்கு ஆசிரியர் அறையில் நாற்காலி உண்டு, ஆனால் நான் இருப்பது விளையாட்டுச் சாமான் அறையில்தான். காற்றுப்போன பந்துகளும் புழுங்கிய பாய்களும்தான் எனக்குத் துணை. தாழ்வாரத்தின் அந்தக் கடைசியில் டீச்சர்கள் டப்பா திறந்து பகிர்ந்து சாப்பிட்டுச் சிரிப்பது இந்தக் கடைசிவரை கேட்கும். இன்று பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன், பாதிப் பேருக்கு வரவில்லை, நீங்கள் என்றால் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்க எனக்கு ஓர் ஆள் கிடையாது. கணக்கு டீச்சர் மட்டும் வருவார், "மேடம், போர்ஷன் முடியலை, உங்கள் பீரியடைக் கொடுங்களேன்" என்று கேட்க. கொடுப்பேன். கொடுத்துவிட்டு வெறும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் கட்கியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் இருந்தார். அவருக்கு ஆவடிக்கு மாற்றல் வந்தது. தமிழ்நாட்டுக்கே மாற்றல் கிடைத்தால் கோயிலுக்குப் பொங்கல் வைக்கிற ஊர் எங்கள் ஊர். நான் வர மாட்டேன் என்றேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மைதானத்தில் என் விசிலுக்கு ஓடி வருகிறதுகளே, அதுகள்தான். இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, வேலையை விட மனசில்லை என்று மட்டும் சொன்னேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவர் சாமான்களோடு ஆவடிக்குப் போனார். நான் தாபோடியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வாடகை வீட்டுக்குப் போனேன். கட்கியில் பழகிய தமிழ்க் குடும்பங்களில் எல்லோரும் கேட்டார்கள், யாருக்காக இங்கே தனியாகக் கிடக்கிறாய் என்று. வேலைக்காக என்றால் ஒருவரும் நம்பவில்லை. பாங்கு வேலை என்றால் நம்பியிருப்பார்கள். பி.டி. டீச்சர் வேலைக்கா என்று ஒரு பார்வை பார்த்தார்கள்.

முழங்காலில் ஆபரேஷன் ஆனபோது அவர் லீவு போட்டு வந்து கூடவே இருந்தார். ரசம் வைத்தார், தலை பின்னிவிட்டார், கோணல் மாணலாக. இனிமேல் குதிக்கக் கூடாது, திடீரென்று திரும்பக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, நான் அழுததைப் பார்த்து அவர் வெளியே போய் நின்றுகொண்டார். ஊருக்குக் கிளம்பும் அன்றுதான் பேச்சை எடுத்தார்.

"குதிக்கதுக்குத்தான இங்க இருந்த. இனி என்னத்துக்கு? கெளம்பி வந்துரு பிள்ள."

"பாப்பம்," என்றேன். வேறு என்ன சொல்வது?

தீபாவளி விடுமுறை முடிந்து, கையில் ஊன்றுகோலோடு பள்ளிக்குப் போனேன். பிரின்சிபால் மேடம் நல்ல மாதிரி. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். இந்தியில் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். என்னை ஒழுங்குப் பொறுப்பாளராகப் போடுகிறாராம். காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நகம், டை, ஷூ பார்க்க வேண்டும். சம்பளத்தில் மாற்றமில்லை. ஜனவரியிலிருந்து மைதானத்துக்கு ஒரு புதுப் பையனை எடுக்கிறார்கள்.

"நானே சொல்லிக்கொடுக்கிறேன் மேடம்."

"எப்படி? உங்களால் செய்து காட்ட முடியாதே."

"உட்கார்ந்துகொண்டு. வாயால்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. அதுதான் வலித்தது. இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து எண்ணிக்கையைத் தவிர வேறெதுவும் வந்து அவர் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆண்டுவிழாவுக்கு ஒன்பதாம் வகுப்பு லெஜிம் ஆட வேண்டும், டிசம்பர் முடிவதற்குள் அவர்களுக்கு ஒரு புது அடவை என் முன்னால் சொல்லிக்கொடுங்கள், அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றார்.

அன்று சாயங்காலம் ஆவடியிலிருந்து போன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இது சரியா வரலேன்னா நகமும் டையும் பாத்துக்கிட்டு இங்க கெடக்க மாட்டேன். ராஜினாமா குடுத்துட்டு அங்க வந்துருதேன், போதுமா?" என்று வீராப்பாகப் பேசிவிட்டேன்.

"சரி," என்றார். "நல்லா செய்."

லெஜிம் என்பது இந்த ஊர்ப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் ஆடும் ஆட்டம். ஒரு மரப்பிடி, அதன் இரு முனைகளையும் இணைத்து ஓர் இரும்புச் சங்கிலி, சங்கிலியில் கோத்த தகட்டு வட்டங்கள். இழுத்து மூடினால் சல் என்று ஒலிக்கும். கணபதி ஊர்வலத்தில் மேளத்துக்கு ஏற்றபடி தெருவே குனிந்து நிமிர்ந்து ஆடும்போது பார்க்க வேண்டும், உடம்பு சிலிர்க்கும். நான் அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றவள். குனிந்து கால் பக்கம் ஓர் ஒலி, நிமிர்ந்து இடுப்புப் பக்கம் ஓர் ஒலி, திரும்பித் தோள் பக்கம் ஓர் ஒலி. செய்து காட்டினால் ஒரு பீரியடில் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

நாற்காலியை மைதானத்தில் போட்டு, வகுப்புக்கு எதிரே உட்கார்ந்தேன். பிள்ளைகள் லெஜிமைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பழைய பாடத்தையே முதலில் வாயால் சொல்லிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். மராத்தியில் டாவா என்றால் இடது, உஜ்வா என்றால் வலது. இது எனக்கு நன்றாகவே தெரியும். இடது பக்கம் குனிய வேண்டிய இடத்தில் கணீரென்று "உஜ்வா!" என்றேன். பழக்கப்பட்ட பிள்ளைகள் பாதிப் பேர் இடது பக்கம் போனார்கள், சொல் கேட்ட பிள்ளைகள் பாதிப் பேர் வலது பக்கம் போனார்கள். தலையும் தலையும் முட்டிக்கொண்டன, சங்கிலிகள் மாட்டிக்கொண்டன. ஒருத்தியின் பின்னல் இன்னொருவன் லெஜிமில் சிக்கியது.

சரி, வாய் தவறிவிட்டது என்று மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே. மூன்றாவது தடவை, நாம் நினைப்பதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பார்ப்போம் என்று மாற்றிச் சொன்னேன். அந்தத் தடவை பார்த்து முதலில் நினைத்தது சரியாக இருந்து தொலைத்தது! அந்தப் பழைய சிரிப்பு முன்வரிசையில் கிளம்பியது. "சிரிக்காதே!" என்று தமிழில் கத்தினேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பையன் மட்டும் பக்கத்தில் இருந்தவனிடம் "மேமுக்கு என்ன ஆச்சு?" என்று இந்தியில் கேட்டான். அவன் கேலியாகக் கேட்கவில்லை, பயந்து கேட்டான். காலோடு சேர்த்து மூளையையும் அறுத்துவிட்டார்களோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பாய்க்கட்டின் மேல் உட்கார்ந்து அழுதேன். அங்கே அழுதால் யாருக்கும் கேட்காது.

அந்த வாரக் கடைசியில் வட்டாரப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. போகாமல் இருந்தால் அதற்கு ஒரு கேள்வி வருமே என்று போனேன். ஒரு கல்லூரி மைதானத்தின் ஓரம், வேப்பமரத்தடியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு எல்லோரும் தலையசைத்தார்கள், யாரும் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. ஆட்டத்தில் சேர்க்காமல் ஓரத்தில் நிறுத்தி வைத்த உப்புக்குச் சப்பாணி மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன்.

மைதானத்தில் ஆசிரியர்கள் வரிசையாக நின்றார்கள். தொப்பையும் தொப்பியுமாக ஆண்கள், துப்பட்டாவைக் குறுக்கே முடிந்துகொண்ட பெண்கள். பயிற்சி கொடுக்க வந்த இளைஞன் மேடையில் ஏறி, இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மைக்கில் மராத்தியில் சொன்னான்: இடது காலை முன்னால் வையுங்கள், இடது கையைத் தூக்குங்கள்.

பாதிப் பேர் வலது காலை வைத்தார்கள். வலது கையைத் தூக்கினார்கள்.

அவன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சொன்னான். மறுபடியும் பாதிப் பேர் வலது. ஒரு பெரிய மீசைக்காரர் பக்கத்திலிருந்த பெண்மணியின் மேல் மோதிவிட்டு, தன் கையைத் தானே முறைத்துப் பார்த்தார். பிறகு ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இளைஞன் மட்டும் திருதிருவென்று விழித்தான். பாவம், அவன் வகுப்பு எடுத்துப் பழகாதவன்.

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு எதிரே நின்று காட்டும்போது வலத்தையும் இடத்தையும் மாற்றிச் செய்வோம். அவர்கள் இடது கையைத் தூக்க வேண்டுமானால் நாங்கள் வலது கையைத் தூக்குவோம், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. அப்போதுதான் அவர்களுக்குக் குழப்பம் வராது. வருஷக்கணக்கில் செய்தால், மாற்றிச் செய்கிறோம் என்ற நினைப்பே போய்விடும்; எதிரே ஓர் ஆள் நின்றாலே போதும், இடது என்றதும் வலதுதான் எழும். பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்தால் என் உடம்புக்கு லெஜிம் முழுவதும் தலைகீழாகத்தான் தெரியும். வாயோ உடம்பைப் பார்த்துச் சொல்கிறது. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லையடி அம்மா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

சிரித்து முடித்துத் திரும்பினால் பக்கத்தில் ஆளில்லை. மைதானம் முழுக்க என்னைப் போன்றவர்கள், ஒவ்வொரு பள்ளியிலும் ஒற்றை ஆளாக, சாமான் அறையில் பந்துகளோடு உட்கார்ந்திருப்பவர்கள். எல்லோருக்கும் ஒரே தப்பு வருகிறது. அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எழுந்து போய், எனக்கும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். எந்த மொழியில் ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் சாப்பிட வடாபாவ் வந்துவிட்டது, அவர்கள் கும்பலாக அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை மைதானத்துக்குப் போனதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். பிள்ளைகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்களோ நானும் அந்தப் பக்கமே பார்த்து, அவர்களுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது என் இடது அவர்களுக்கும் இடது. எதிரே காம்பவுண்டு சுவர், அதற்கப்பால் நெடுஞ்சாலையின் இரைச்சல், மெட்ரோ தூண்கள். பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. "டாவா" என்றேன். பின்னால் சல் என்று ஒரே சத்தம். யாரும் முட்டிக்கொள்ளவில்லை.

அதில் எனக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது. முகங்கள் எதிரே இல்லாததால் என் வாய் திறந்துகொண்டது. யார் சிரிக்கிறார்கள், யார் யாரை இடிக்கிறார்கள் என்று பார்க்க முடியாதே. சுவரைப் பார்த்துக்கொண்டு தப்பும் தவறுமாக, இந்தியும் மராத்தியும் ஆங்கிலமுமாகப் பேச ஆரம்பித்தேன். மணிக்கட்டை எப்படி விட வேண்டும் என்று சொல்ல வார்த்தை தெரியவில்லை. கை கழுவிவிட்டுத் துண்டு இல்லையென்றால் தண்ணீரை எப்படி உதறுவீர்கள், அப்படி உதறுங்கள் என்றேன். சத்தம் உடனே கூர்மையாக மாறியது. காலை முன்னால் எடுத்து வைப்பதற்கு, கசார்வாடி ஸ்டேஷனில் லோக்கல் ட்ரெயின் நகர ஆரம்பித்துவிட்டது, ஏறுங்கள் என்றேன். பின்னால் சிரித்தார்கள்தான். ஆனால் கால் விழுந்த ஓசை சரியாக இருந்தது. சிரித்துக்கொண்டே சரியாகச் செய்கிறார்கள் என்றால் சிரித்துவிட்டுப் போகட்டும். இவ்வளவு வருஷம் அந்தச் சிரிப்புக்கா பயந்தேன் என்று என் மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

பார்க்க முடியாத குறையைக் காது தீர்த்தது. லெஜிமில் ஒருவன் பிந்தினாலும் ஒரு சல் தனியாகக் கேட்டுவிடும். வலப்பக்கமா, இடப்பக்கமா, முன்னாலா, பின்னாலா என்றுகூட நாள்பட நாள்படப் பிடிபட்டது.

பிரின்சிபால் மேடம் பார்க்க வந்த அன்று காலையில் நல்ல குளிர். நிர்வாகத்திலிருந்து ஒரு பெரியவரையும் அழைத்து வந்திருந்தார். இரண்டு பேருக்கும் மைதானத்தில் நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார்கள். நான் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததைப் பார்த்ததும் மேடம் எழுந்து வந்தார்.

"இப்படி உட்கார்ந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது?"

"நீங்கள் பாருங்கள் மேடம். நான் கேட்கிறேன்."

துடுக்காகத்தான் சொன்னேன். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். புது அடவைச் சொல்ல ஆரம்பித்தேன். குனிந்து ஒன்று, பாதி திரும்பி ஒன்று, காலை மாற்றி வைத்து எழுந்து ஒன்று, தலைக்கு மேலே ஒன்று. முதல் தடவை கேட்ட சத்தம் இருக்கிறதே, அலமாரியோடு பாத்திரமெல்லாம் சரிந்து விழுந்த மாதிரி. பெரியவர் மேடத்திடம் ஏதோ முணுமுணுத்தார். எழுந்து ஒரே ஒரு தடவை செய்து காட்டிவிடலாம் என்று கை ஊன்றுகோலைத் தேடியது. காட்டினால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். முழங்கால் போனால் போகிறது. எழப் போனவள் உட்கார்ந்தேன். எழுந்தால் எனக்குச் செய்யத் தெரியும் என்பதுதான் நிற்கும், சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்பது போய்விடும்.

"காலை மாற்றுவதை மட்டும் செய்யலாம். லெஜிம் வேண்டாம்," என்றேன். செய்தார்கள். வாசலில் தரையை ஈரமாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள், அழுக்குப் படாமல் தாண்டி வை என்றேன். மறுபடி செய்தார்கள். லெஜிமைச் சேர்த்துக்கொள் என்றேன். ஓரளவு வந்தது. கடைசி வரிசையில், வலது ஓரத்தில் ஒரு சத்தம் பிந்தியது. "கடைசியில், உஜ்வா பக்கம் யார் அது? பயப்படாதே. பிடியைத் தளர்த்து, சங்கிலி தானாக வரும்," என்றேன். அடுத்த தடவை அந்த இடம் சேர்ந்துவிட்டது. பிறகு நான் எதுவும் சொல்லவில்லை, எண்ணிக்கையை மட்டும் எண்ணினேன். என் முதுகுக்குப் பின்னால் அத்தனை லெஜிம்களும் ஒரே குரலில் சல் என்றன. என் கை மயிர் சிலிர்த்து நின்றது. திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் வந்து என் தோளில் கை வைத்தார். "மைதானம் உங்களுடையதுதான். புது ஆள் வேண்டாம்," என்றார். பெரியவரும் தலையை ஆட்டினார். பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு என்னைச் சூழ்ந்தார்கள். அடுத்த மணி அடித்தது, எல்லோரும் வகுப்புக்கு ஓடினார்கள். லெஜிம்களைப் பொறுக்கிக்கொண்டு நான் சாமான் அறைக்குப் போனேன். தாழ்வாரத்தில் எதிரே வந்த கணக்கு டீச்சரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர், "இன்று உங்கள் கடைசிப் பீரியட் எனக்குத்தானே?" என்றார். தர முடியாது என்றேன். அதைச் சொன்னதில் ஒரு சந்தோஷம்.

தாபோடியில் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, சோற்றை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வழக்கமான நேரத்துக்கு அவர் போன் வந்தது. "என்னாச்சு?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டினேன். பாத்திரம் விழுந்த சத்தம், ஈரத் தரை, கடைசி வரிசைப் பிள்ளை, கணக்கு டீச்சரின் முகம், ஒன்று விடாமல். நாள் முழுவதும் சொல்ல ஆளில்லாமல் வைத்திருந்தது அத்தனையும். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார்.

"அப்ப நீ வரல."

"மே மாசம் லீவுக்கு வாரேன்ல."

"சரி பிள்ள. நல்லா செஞ்சுட்ட. எனக்குத் தெரியும், நீ செஞ்சுருவேன்னு."

அவர் பேசும்போது பின்னால் ஏதோ கரகரவென்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. நிற்கும், மறுபடி இழுபடும்.

"அங்க என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. சாமான் மாத்தி வைக்கேன்."

"இந்நேரத்துல என்ன சாமான்?"

இழுபடும் சத்தம் நின்றது. பிறகு, ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி சொன்னார். "ரெண்டாம் மாடில இருந்து கீழ் வீட்டுக்கு வந்துட்டேன். கீழ இருந்தவரு ரிட்டயர் ஆனாரு. ஆபீஸ்ல பேசி நான் மாத்தி வாங்கிட்டேன். நீ வந்தா மாடிப்படி ஏற முடியாதே."

"எப்பக் கேட்டீங்க?"

"நீ ஆஸ்பத்திரில இருக்கும்போதே கேட்டு வச்சேன். இன்னைக்குத்தான் சாவி குடுத்தாங்க. லோடு எறக்குனவங்க எல்லாத்தையும் முன்ரூம்லயே போட்டுட்டுப் போயிட்டாங்க."

"மேல் வீட்டுல நல்லா காத்து வருமே," என்று மட்டும் சொன்னேன்.

"ஆமா. கீழ காத்து கெடையாது. கொசு வேற," என்றார். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு மறுபடி இழுக்க ஆரம்பித்தார் போலிருக்கிறது. அந்தச் சத்தம் எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா செய்து கொடுத்த தேக்குக் கட்டில். தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் பிடித்தால்தான் நகரும்.

"தனியா இழுக்காதீங்க. இடுப்பு புடிச்சுக்கும். யாரையாவது கூப்புடுங்க," என்றேன்.

"யாரக் கூப்புட?" என்றார்.